மேற்கு ஜெர்மனி என்று அச்சு விழுந்த பசூன்

காட்பாடியில் பிருந்தாவனை விட்டு இறங்கியதும் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் என் கையிலிருந்த கருப்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டடிக்கும் மேல் நீளம், நல்ல கனம், மூலையெல்லாம் தோல் உரிந்த பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட்டில் நான்கு மரத்துண்டுகள், பக்கத்தில் ஒரு வளைந்த உலோகக் குழாய். "இது என்ன, துப்பாக்கியைக் கழற்றி வெச்சிருக்கீங்களா?" என்றார். பசூன் சார், ஊதுற வாத்தியம் என்றேன். என் முன்னாள் ராணுவத்தினர் அடையாள அட்டையையும் காட்டினேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "பேண்டா? எங்க சித்தப்பாவும் மிலிட்டரிதான்" என்று சொல்லி அவரே பெட்டியைப் பதமாக மூடிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. வேலூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்துக்காரர்கள். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர்.

பிப்ரவரியில் வாங்கிய அந்தப் பசூனைப் பற்றித்தான் எழுதுகிறேன். முக்கியமாக, அது எந்த வருடத்துச் சரக்கு என்று கண்டுபிடித்த கதை. பழைய வாத்தியம் வாங்க நினைக்கிறவர்களுக்கு, அது கிளாரினெட்டோ சாக்ஸோ எதுவாக இருந்தாலும், இதில் கொஞ்சம் உபயோகம் இருக்கும்.

பசூன் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அது நாதஸ்வரத்தின் தூரத்துச் சொந்தம். இரண்டிலும் இரட்டை நாக்குச் சீவாளிதான். நாதஸ்வரத்தில் சீவாளி கெண்டையில் ஏறும், பசூனில் ரீடு போகல் என்கிற வளைந்த குழாயில் ஏறும். உள்துளையும் நாதஸ்வரம் மாதிரியே மேலே குறுகி கீழே அகன்றுகொண்டே போகும். ஆனால் நீளம்! மொத்தக் குழாயையும் நிமிர்த்தினால் எட்டடிக்கு மேல் வரும். அவ்வளவு நீளத்தை யாரும் கையில் பிடிக்க முடியாது என்பதால் அடியில் ஒரு 'யு' வளைவு வைத்து மடித்துவிட்டார்கள். காற்று விங் என்கிற துண்டின் வழியாக இறங்கி, பூட் என்கிற அடித்துண்டில் திரும்பி, நீளத்துண்டின் வழியாக மேலேறி, பெல் வழியாக வெளியே வரும். மேப்பிள் மரம். சத்தம் ஒரு வயசான மனுஷன் நிதானமாகப் பேசுகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.

நான் 1988-ல் பட்டாளத்தில் சேர்ந்தேன். பேண்டில் முதலில் கிளாரினெட். பச்மரியில் இருக்கும் ராணுவ இசைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மத்தியப் பிரதேசத்து மலை, ராத்திரியில் குளிர் பல்லை நடுக்கும். அங்கேதான் பசூனை முதலில் கேட்டேன். கேட்ட அன்றைக்கே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். திரும்பி வந்து எங்கள் பேண்ட் மாஸ்டரிடம் கேட்டபோது ஸ்டோரில் ஒன்று கிடக்கிறது, எடுத்துத் துடைத்து ஊது என்றார். வெள்ளைக்காரன் காலத்துப் பசூன். மரத்தில் 'ஹாக்ஸ் அண்ட் சன், டென்மன் ஸ்ட்ரீட், லண்டன்' என்று அச்சு.

அதோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எவ்வளவு நன்றாக ஊதினாலும் பேண்டோடு சுருதி சேராது, எப்போதும் மேலேயே நிற்கும். உதட்டைத் தளர்த்தினேன், துண்டுகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் ஒரு சுரம் இறங்கும், பக்கத்துச் சுரம் வேறெங்கோ போகும். என் உதட்டில்தான் கோளாறு என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பேண்ட் மாஸ்டர்தான் என்னை உட்கார வைத்து அந்த அச்சைக் காட்டினார். ஹாக்ஸ் கம்பெனி 1930-ல் பூஸி கம்பெனியோடு சேர்ந்து பூஸி அண்ட் ஹாக்ஸ் ஆகிவிட்டது. ஆகவே ஹாக்ஸ் பேர் மட்டும் தனியாக இருந்தால் அது அதற்கு முந்தியது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 'ஏ' சுரத்தை நொடிக்கு 452 அதிர்வுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தன. 1920-களின் கடைசியில்தான் அதை இறக்கினார்கள். நாங்கள் வாசிப்பது 440. கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி வித்தியாசம். குழாயின் நீளமும் துளைகளின் இடைவெளியும் 452-க்கு என்று வெட்டியிருக்கும்போது எந்த உதட்டாலும் அதை 440-க்குக் கொண்டுவர முடியாது. "தம்பி, வாத்தியத்தை ஊதுறதுக்கு முன்னால அது எப்பப் பொறந்ததுன்னு தெரிஞ்சுக்கோ" என்றார். அவர் திருநெல்வேலிக்காரர். இப்போது இல்லை.

அப்புறம் எங்களுக்குப் புதுப் பசூன் வந்தது, அதை 2012-ல் ஓய்வு பெறும்வரை வாசித்தேன். ஆனால் அது பட்டாளத்துச் சொத்து. கடைசி நாள் ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஊருக்கு வந்து ஒரு வங்கியில் காவலர் வேலை. மகள் கல்யாணம், மகன் படிப்பு, வீட்டுக்கு மேல் மாடி. எல்லாம் முடிந்த பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "இத்தனை வருஷமா தூக்கத்துல வெரலை ஆட்டுறீங்களே, வாங்கிக்கோங்க" என்றாள்.

புதுப் பசூன் என் கைக்கு எட்டாது. பித்தளை வாத்தியம் என்றால் மீரட் ஜாலி கோட்டியில் வாங்கிவிடலாம். பசூன் அப்படிக் கிடைக்காது, வெளிநாட்டுச் சரக்குதான், அதனால் பழையதைத்தான் தேட வேண்டும். இரண்டு வருடம் தேடினேன்.

முதலில் சிக்க இருந்த வலையைச் சொல்லிவிடுகிறேன். வெளி மாநிலத்திலிருந்து ஒருவர் 'ஒரிஜினல் ஹெக்கல் பசூன்' என்று விற்பனைக்குப் போட்டிருந்தார். ஹெக்கல் என்றால் பசூன்காரர்களுக்கு வயிறு கலங்கும். 1831-ல் ஜோஹன் ஆடம் ஹெக்கல், கார்ல் அல்மென்ராடரோடு சேர்ந்து ஜெர்மனியில் பீப்ரிக் என்ற ஊரில் ஆரம்பித்த கம்பெனி. இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலோர் வாசிக்கும் பசூனின் கீ, அதாவது துளைகளை மூடித் திறக்கும் உலோகக் கட்டைகளின் அமைப்பே அவர்கள் வகுத்ததுதான். ஒரு நல்ல ஹெக்கல் வாங்குகிற காசில் எங்கள் தெருவில் மனையே வாங்கலாம். இவரோ இரண்டு லட்சம் என்றார். கையெல்லாம் நடுங்கியது. நல்லவேளையாக அச்சு விழுந்த இடத்தைக் கிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 'ஹெக்கல்' என்ற சொல்லுக்கு முன்னால் சின்னதாக 'சிஸ்டம்' என்று இருந்தது. அதாவது ஹெக்கல் முறைப்படி செய்தது, ஹெக்கல் செய்ததல்ல. கீழே செக்கோஸ்லோவாகியா என்று வேறு. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன், படித்ததை அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் பணம் அனுப்பியிருந்தால் என் சேமிப்பு போயிருக்கும். அதனால் சொல்கிறேன்: எந்த வாத்தியமானாலும் அச்சில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கிற பேர் சில சமயம் செய்தவர் பேராகக்கூட இருக்காது, விற்ற கடையின் பேராக இருக்கும்.

அப்புறம் பெங்களூர். கூட வேலை பார்த்த ஒருவரின் உறவினர் வழியாகச் சேதி வந்தது. ஒரு அம்மாவின் வீட்டில் அவருடைய அப்பா வைத்திருந்த பசூன் இருக்கிறதாம். அப்பா எஞ்சினியர், எழுபதுகளின் நடுவில் பயிற்சிக்காக ஜெர்மனி போனவர், அங்கே பழையதாக வாங்கி வந்தாராம். அவர் தவறிப் பல வருடம் ஆகிறது. காலை ரயிலில் போனேன். தமிழ்க் குடும்பம்தான். காபி கொடுத்து, பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்து, "பாருங்க சார், இது அப்பாவுக்கு உசுரு. ஹிட்லர் காலத்துக்கும் முன்னாடி செஞ்சதுன்னு சொல்லுவார். தொண்ணூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார். விலை மூன்றரை லட்சம். பழமைக்குத்தான் அந்த விலை என்று அவர் நம்பினார்.

திறந்தேன். ஷ்ரைபர். நான் பச்மரியில் பார்த்ததும் ஷ்ரைபர்தான், நெஞ்சில் ஏதோ தட்டியது. ஆனால் அச்சின் கடைசி வரியில் 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். என் பட்டாளத்துச் சேர்க்கைத் தாளில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கிறது. சேர்ந்த மறு வருடமே, 1989-ல், மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போனது, நாங்கள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனோம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019-ல் அதையும் மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள். ஆகவே ஒரு பழைய பத்திரத்தையோ ரேஷன் கார்டையோ ரப்பர் ஸ்டாம்பையோ காட்டினால், தேதி அழிந்திருந்தாலும், மாவட்டத்தின் பேரை வைத்தே எந்தக் காலத்துத் தாள் என்று சொல்லிவிடலாம். ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது, பேர்தான் மாறிக்கொண்டே வந்தது.

ஜெர்மனி வாத்தியங்களுக்கும் அப்படியே. வெறுமனே 'ஜெர்மனி' என்று இருந்தால் போருக்கு முந்தியதாக இருக்கலாம், 1990 இணைப்புக்குப் பிந்தியதாகவும் இருக்கலாம். 'யு.எஸ். ஸோன்' என்று இருந்தால் போர் முடிந்து அமெரிக்கர் கையில் இருந்த 1945-க்கும் 49-க்கும் இடைப்பட்ட காலம். 'மேற்கு ஜெர்மனி' என்றோ, கிழக்கு ஜெர்மனியைக் குறிக்கும் 'ஜி.டி.ஆர்.' என்றோ இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். அதற்கு வெளியே அது பிறந்திருக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பேரில் ஒரு நாடே இல்லை.

போதாததற்கு ஷ்ரைபர் கம்பெனியே 1946-ல்தான் ஆரம்பித்தது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மனசு கனத்துப் போனது. பொஹீமியாவில் கிராஸ்லிட்ஸ் என்று ஒரு ஊர், இப்போது செக் நாட்டில் கிராஸ்லிசே என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாத்தியம் செய்கிறவர்கள் வாழ்ந்த ஊர், ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள். போர் முடிந்ததும் அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். நூறு மைலுக்கும் மேல் தள்ளி ஹெஸ்ஸே மாநிலத்தில் நௌஹைம் என்ற ஊரில் அவர்களில் பலர் குடியேறி மறுபடி பட்டறை போட்டார்கள். ஷ்ரைபர் அப்படிப் பிறந்தது. 1897-ல் கிராஸ்லிட்ஸில் தொடங்கிய ப்யூக்னர் கம்பெனியும் அங்கேதான் வந்து சேர்ந்தது. அதனால் ப்யூக்னர் பசூன் யாராவது பார்த்தால் ஊர்ப் பேரைப் பாருங்கள். கிராஸ்லிட்ஸ் என்றால் வெளியேற்றத்துக்கு முன், நௌஹைம் என்றால் பின். ஒரு ஊரின் துக்கம் அந்த அச்சில் தேதியாக நிற்கிறது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா சொன்னது தப்பு என்று சொல்வது மாதிரி ஆகும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு அச்சைக் காட்டி, "அம்மா, மேற்கு ஜெர்மனின்னு ஒரு தேசம் 1949-லதான் வந்துச்சு. அப்பாவுக்கு வித்தவங்க அப்படிச் சொல்லியிருக்கலாம்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே படித்தார். "இத்தனை வருஷம் எங்க வீட்ல இருக்கு, நாங்க யாருமே படிச்சதில்ல" என்றார். கோபம் இல்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்.

அடுத்து பெல்லின் வாயில் இருந்த வெள்ளை வளையம். அதை "யானைத் தந்தம்" என்றார் பெருமையாக. எனக்குப் பகீர் என்றது. பழைய ஜெர்மன் பசூன்களில் உண்மையிலேயே தந்த வளையம் போட்டிருப்பார்கள், அப்படியானால் நம் நாட்டுச் சட்டப்படி வாங்கவும் விற்கவும் கூடாது. வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தந்தத்தைக் குறுக்காக அறுத்த முகத்தில் வலை பின்னின மாதிரி ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய வளைகோடுகள் தெரியும். இதில் ஒரு கோடும் இல்லை, மழமழவென்று பால் மாதிரி ஒரே சீர், ஓரத்தில் வார்ப்பின் தடம்கூட இருந்தது. பிளாஸ்டிக். நிம்மதியாக மூச்சு விட்டேன். தந்தமாக இருந்திருந்தால் எவ்வளவு நல்ல பசூனாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன்.

எண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். பூட் துண்டின் மேல் தொடர் எண் இருந்தது, ஆனால் எண் மட்டும் எதையும் சொல்லாது. ஹெக்கல் போல ஏட்டைப் பாதுகாத்து வைத்திருக்கும் கம்பெனியென்றால் எண்ணைக் கொடுத்து வருடத்தைக் கேட்கலாம். மற்றவற்றுக்கு வாசிக்கிறவர்களே பழைய ரசீதுகளைச் சேர்த்து ஒப்பிட்டு வைத்த பட்டியல்கள்தான், அதில் முன்னே பின்னே இருக்கும். அதைவிட முக்கியமாக ஒன்று பாருங்கள். எல்லாத் துண்டும் ஒரே வாத்தியத்தைச் சேர்ந்ததுதானா? விங் உடைந்து வேறு பசூனின் விங்கை மாட்டியிருப்பார்கள். மரத்தின் வார்னிஷ் நிறம், கீயின் பூச்சு, கீயைத் தாங்கும் போஸ்ட் திருகின் தலை எல்லாவற்றையும் துண்டுக்குத் துண்டு ஒப்பிட வேண்டும். இதில் நான்கும் ஒரே சிவப்பு, ஒரே தேய்மானம். போகல் குழாயை மட்டும் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது செருப்பு மாதிரி, ஆள் மாற மாற மாறும். எனக்கு வந்த போகலில் 2 என்று இருந்தது. 1 என்றால் குட்டை, சுருதி கொஞ்சம் ஏறும். 3 என்றால் நீளம், இறங்கும். 2 நடு.

வயது ஒரு பக்கம், உடம்பு எப்படி என்று பார்க்க வேண்டுமே. பசூனுக்கு நோய் வருவது அடியில். ஊதுகிற ஈரமெல்லாம் இறங்கி பூட்டின் 'யு' வளைவில் தேங்கும், துடைக்காமல் வைத்தால் மரம் அழுகும். அதனால்தான் விங்கின் உள்ளேயும் பூட்டின் குறுகிய துளையிலும் கெட்டி ரப்பர் உறை போட்டிருப்பார்கள். அகலத் துளையில் உறை கிடையாது. பூட்டின் அடிமூடியைக் கழற்றி, மொபைல் டார்ச்சை உள்ளே அடித்து, நகத்தால் மரத்தை லேசாக அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. மூக்கை வைத்தும் முகர்ந்தேன். அழுகல் இருந்தால் மழைக்கால விறகு மாதிரி நாறும். இதில் பழைய எண்ணெய் வாசனைதான். அப்புறம் விங்கின் ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை விரலால் மூடி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினேன். காற்று எவ்வளவு நேரம் பிடித்து நிற்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. கீயின் அடியில் துளையை அடைக்கும் பேடுகளெல்லாம் காய்ந்து கல்லாகியிருந்தன. முப்பது வருடமாக யாரும் தொடவில்லை என்றால் அப்படித்தான் இருக்கும். மரத்தில் விரிசல் இல்லை, அது போதும்.

கடைசியில் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும், அதற்கு என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னேன். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு முடிந்தது. "வித்துடலாம்னு இல்ல சார், வாசிக்கிறவங்ககிட்ட போகட்டும்னுதான்" என்றார் அந்த அம்மா. பணத்தை எண்ணக்கூட இல்லை.

பேட் மாற்றும் வேலையை வேலூரிலேயே செய்தேன். பட்டாளத்தில் இருபது வருடம் எங்கள் வாத்தியங்களை நாங்களே பழுது பார்த்தவர்கள்தான், அதனால் கை பழகியது. பேட் என்பது அட்டை, அதன் மேல் ஃபெல்ட், அதன் மேல் மெல்லிய தோல். தோலுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமா! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று உலகத்துக்கே செருப்பும் கையுறையும் போகிற தோல் இங்கேதான் பதமாகிறது. ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கும் என் மச்சினன், கையுறைக்குப் போகும் ஆட்டுத்தோலின் வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். உதட்டில் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பார்த்து, காற்று விடாத துண்டாகப் பொறுக்கினோம். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் முனைகளில் சுற்றியிருந்த நூல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கு ஆரணியிலிருந்து பட்டு நூல். தேன்மெழுகு தடவி இறுக்கிச் சுற்றினால் தக்கையைவிட எனக்குப் பிடித்திருக்கிறது, தளர்ந்தால் இரண்டு சுற்று சேர்த்துக்கொள்ளலாம், இறுகினால் எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு கீயாகக் கழற்றி, வரிசை மாறாமல் தெர்மாகோல் பலகையில் குத்தி வைத்துக்கொண்டே வந்தேன். பூட்டின் அடிவளைவை முழுதாக வெளியே எடுத்த அன்றைக்குத்தான் அது கிடைத்தது. பித்தளை மூடியின் உள்பக்கத்தில், பச்சைக் களிம்பைத் துடைத்தபோது, ஊசியால் கீறின மாதிரி எழுத்து. 14.3.74. பக்கத்தில் இரண்டு எழுத்து, யாரோ ஒரு பழுது பார்ப்பவரின் இனிஷியல். பெரிய வேலை பார்த்தால் உள்ளே தேதி போட்டு வைப்பது அவர்கள் வழக்கம், எங்கள் பேண்ட் பட்டறையிலும் அப்படித்தான் செய்வோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1949-க்குப் பின், மேற்கு ஜெர்மனி என்பதால். 1974 மார்ச்சுக்கு முன், அந்தத் தேதியில் பழுது பார்த்திருக்கிறார்கள் என்பதால். அடிவளைவைக் கழற்றும் அளவுக்கு வேலை வந்திருக்கிறது என்றால் அதற்குள் சில வருடம் நன்றாக ஊதப்பட்டிருக்க வேண்டும். எண் பட்டியல் அறுபதுகளின் பிற்பகுதி என்றது, அதுவும் ஒத்துப்போகிறது. அப்பா ஜெர்மனி போனது எழுபதுகளின் நடுவில். யாரோ விற்பதற்கு முன்னால் பழுது பார்த்து வைத்ததை அவர் வாங்கியிருக்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தது இந்தப் பசூன், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரியே அந்த அம்மாவுக்குப் போன் செய்து தேதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பா பாஸ்போர்ட்டில் எழுபத்தஞ்சுன்னு முத்திரை இருக்கு சார், இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன்" என்றார்.

440-க்குச் செய்த வாத்தியம் என்பது கையில் எடுத்து முதல் சுரம் ஊதியதுமே தெரிந்தது. சுருதி காட்டும் ட்யூனரின் முள் நடுவில் நின்றது. ஹாக்ஸோடு மல்லுக்கட்டிய அந்த ஆறு மாதமும் ஞாபகம் வந்து, பேண்ட் மாஸ்டர் ஞாபகமும் வந்து, கொஞ்ச நேரம் ஊதாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருமுனையில் இருக்கும் நாதஸ்வரக்காரர் வந்து பார்த்தார். என்னைவிட மூத்தவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். "இன்னாப்பா இது, மரத்தைப் புதுசுன்னு வாங்காம பழசுன்னு தேடி வாங்கியிருக்க, நல்ல காரியம் செஞ்ச" என்றார். அவருடைய நாதஸ்வரம் ஆச்சா மரம், பழைய வீட்டு உத்திரத்தில் கடைந்தது. அறுபது எழுபது வருடம் காய்ந்த மரம் இனிமேல் அசையாது என்பது அவர் கட்சி. ரீடை வாங்கிப் பார்த்து, கம்பி போட்டுக் கட்டியிருப்பதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொறுக்கைத் தட்டையில் எனக்கு ஒன்று கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு ரீடு ஆயிரத்தைநூறு, இரண்டாயிரம் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறேன், அவர் கைப்பட ஒன்று வந்தால் என்னைப்போல் சந்தோஷப்படுகிறவன் இருக்கமாட்டான்.

இப்போது கத்திரி வெயில். மேப்பிள் மரத்துக்கு வேலூர் மே மாதம் ஆகாது, சோப்பு டப்பாவில் துளை போட்டு, ஈர ஸ்பாஞ்சை உள்ளே வைத்துப் பெட்டியோடு மூடி வைக்கிறேன். தினம் சாயங்காலம் அரைமணி நேரம், அதற்கு மேல் ஊதுவதில்லை, புதுப் பேடுகள் உட்காரட்டும்.

அடிமூடியைத் திருப்பி மாட்டுவதற்கு முன்னால் ஊசியை எடுத்து, 14.3.74-க்குக் கீழே என் இனிஷியலையும் வேலை முடிந்த தேதியையும் கீறினேன். ஊரையும் போடலாம் என்று தோன்றியது. கை தானாக வட ஆற்காடு என்று எழுதப் போனது, என் வயதுக்காரர்களுக்கு அதுதான் வாயில் வரும். நிறுத்திக்கொண்டேன். நாளைக்கு இதைத் திறக்கிறவர் தேதி அழிந்துபோய் ஊர்ப் பேரை மட்டும் படித்தால் 1989-க்கு முந்தியது என்று கணக்குப் போட்டுவிடுவார். வேலூர் என்று எழுதி மூடினேன். கீழ் எஃப் கீ இன்னும் கொஞ்சம் கசிகிறது, ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறந்து அந்தப் பேடை மட்டும் பார்க்க வேண்டும்.